பாஸ்கரிடம் கேட்கவும்

ஒரு பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்பதை, அந்தப் பட்டன் பிறப்பதற்கு முன்பே எழுதிவைப்பதுதான் என் தொழில்.

ஸ்டோரிபோர்டு என்று இதற்குப் பெயர். ஒரு வெப்சைட்டைச் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால், முதல் பக்கம் எப்படி இருக்கும், அதில் எதைத் தொட்டால் எந்தப் பக்கம் வரும், தப்பாகத் தொட்டால் என்ன சொல்லித் திட்டும் என்று வெள்ளைத்தாளில் ஒவ்வொரு ஸ்க்ரீனாகக் கட்டம் போட்டு வரைய வேண்டும். பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும். வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் திட்டுவதைக் கேட்டு, மறுபடி வரைய வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு டாக்குமென்ட் ஆக்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்க வேண்டும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். இதே பிழைப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் தலை ஆடுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். முதலாளி சுதாகர் சார், சித்தூர்க்காரர். தெலுங்கில் கோபப்படுவார், தமிழில் சமாதானம் ஆவார். அடுத்தது பாஸ்கர், குடியாத்தத்திலிருந்து வந்தவன். நான் காகிதத்தில் வரைவதை நிஜ வெப்சைட்டாகச் செய்கிற புரோகிராமர். நான் என்ன எழுதியிருக்கிறேனோ அதை ஒரு புள்ளி மாறாமல் அப்படியே செய்வான். அது நல்ல குணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் நான், மேகலா.

நைனா வந்து பார்த்தது

எங்கள் ஊர் வரதய்யபாளையத்துப் பக்கம். நைனா குத்தகைக்கு நிலம் எடுத்து வேர்க்கடலை போடுகிறார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் இரண்டு வருஷம் ஒரு ஃபேக்டரியில் செல்போனுக்குப் பின்மூடி மாட்டிக்கொண்டிருந்தேன். அது நைனாவுக்குப் புரிந்தது. ஊரில் யார் கேட்டாலும் தன் செல்போனைத் திருப்பிக் காட்டி, ‘இத்த எம்பொண்ணுதான் மாட்டுது’ என்பார். அதை விட்டுவிட்டு டிசைன் கோர்ஸ் படித்து இங்கே சேர்ந்ததும் அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் போய்விட்டது. என்ன வேலை என்று கேட்டால் நான் சொல்வதும் விளங்கவில்லை. ஒருநாள் நேரிலேயே பார்த்துவிடுவது என்று பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு கட்டம் போட்டேன், அழித்தேன், போட்டேன். பாஸ்கர் இரண்டு கம்ப்யூட்டரை எதிரே வைத்துக்கொண்டு படபடவென்று தட்டினான். நைனா அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பெண்ணை ஏமாற்றிக் கூட்டிவந்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவே செய்துவிட்டார். கிளம்பும்போது படிக்கட்டில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார்:

“கம்பூட்டர் எல்லாம் அந்தப் பையங்கிட்ட கீது, உங்கைல பென்சில்தான் கீது. இன்னாம்மே இது, நாள் முச்சூடும் கட்டம் போட்டுக்கினு கீற, பாண்டி ஆடறதுக்கா சம்பளம் குட்க்கறாங்க?”

லாவண்யாவுக்குக் கல்யாணம்

சித்தூரில் ஒரு கல்யாண மண்டபம். பெயர் லாவண்யா மஹால். எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று ஜனங்கள் வீட்டிலிருந்தே பார்த்து மண்டபம் பிடிக்கிற மாதிரி ஒரு வெப்சைட் வேண்டும் என்றார் அதன் முதலாளி கோவிந்தசாமி ஐயா. இருபது ஸ்க்ரீன் வரைந்தேன். பதிவு முடிந்ததும் வருகிற பக்கத்தில் ‘மணமகள்’, ‘மணமகன்’ என்று இரண்டு இடம். சும்மா விட்டால் பார்க்கிறவர்களுக்குப் புரியாது, உதாரணத்துக்கு ஏதாவது பெயர் போட வேண்டும். மண்டபத்தின் பெயர் கண்ணில் பட்டது. மணமகள் லாவண்யா என்று எழுதினேன். பக்கத்து நாற்காலியில் பாஸ்கர் கண்ணில் பட்டான். மணமகன் பாஸ்கர், ஊர் குடியாத்தம் என்று எழுதினேன். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. கோவிந்தசாமி ஐயா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் ‘சம்மதம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் தொழிலில் இந்தக் கையெழுத்து ரொம்ப முக்கியம். பின்னால் யாரும் ‘நான் அப்படிச் சொல்லவேயில்லை’ என்று கையை விரிக்கக்கூடாது.

ஒரு பிரதியை அவர் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். மறுநாள் காலை அவருடைய சம்சாரம் ஆபீசுக்கு போன் செய்தார். மண்டபத்துக்குப் பெயர் வைத்திருப்பதே அவர்களுடைய ஒரே மகளின் பெயரைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தம்மா கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பையன் என்ன படித்திருக்கிறான், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், குடியாத்தத்தில் சொந்த வீடா என்று வரிசையாகக் கேட்டார். நான் போனைப் பொத்திக்கொண்டு பாஸ்கரைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் பாதி இட்லி. ‘பொண்ணு எம்.எஸ்சி.யாம்டா’ என்றேன். இட்லியை அப்படியே பொட்டலத்தில் வைத்துவிட்டு, போனில் முகம் தெரியப்போகிற மாதிரி தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டான். ‘அம்மா, அது சும்மா உதாரணத்துக்கு எழுதினதும்மா’ என்று நான் எட்டாவது தடவையாகச் சொன்னேன்.

“என்ன சும்மா? எங்க வீட்டுக்காரரு சம்மதம்னு கையெழுத்தே போட்டுட்டாரு. நீ அந்தப் பையனோட ஜாதகத்த மட்டும் அனுப்பும்மா, மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

வீடு என்ற பட்டன்

வரைந்த ஸ்க்ரீனை எல்லாம் செல்போன் அளவுக்குக் கத்தரித்து, ஆள்கள் கையில் கொடுத்து, ‘இதை நிஜ போன்னு நெனச்சுக்கினு அமுக்குங்க’ என்று சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர்கள் காகிதத்தில் எதை அமுக்குகிறார்களோ, அதற்குரிய அடுத்த காகிதத்தை நான் சட்டென்று எடுத்து மேலே வைக்க வேண்டும். அதாவது கம்ப்யூட்டர் வேலையை நான் பார்க்க வேண்டும். ஒரு லாட்ஜுக்காக இப்படித் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் காகித போனோடு நின்றேன். தமிழ்ப் பக்கங்களில் ‘ஹோம்’ என்பதற்கு என்ன போடலாம் என்று பாஸ்கரைக் கேட்டிருந்தேன். அவன் மொழிபெயர்ப்பு மெஷினில் தட்டி ‘வீடு’ என்று கொடுத்திருந்தான். நானும் அவசரத்தில் அதையே எழுதிவிட்டேன். ஆரணியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் ரூம் தேடித் தேடி ஆறாவது காகிதத்தில் வழி தெரியாமல் நின்றார். ‘இந்த வீடுன்ற பட்டன அமுக்குங்க, மொதல் பக்கத்துக்குப் போயிடலாம்’ என்று நான் காட்டினேன். அவர் விரலைச் சரக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நேர்ந்துக்கினு இவ்ளோ தூரம் வந்து இன்னும் சாமியே பாக்கல, அதுக்குள்ள வூட்டுக்குப் போ வூட்டுக்குப் போன்றியே, நல்லாவாம்மா கீது?”

முடி இருந்தபோது எடுத்த போட்டோ

அதே லாட்ஜ்தான். அதன் முதலாளிக்கு எங்கேயோ பார்த்துவிட்டு ஒரு ஆசை வந்துவிட்டது. ரூம் எடுக்கும்போது ரிசப்ஷனில் ஒரு போட்டோ பிடிக்க வேண்டும். வெளியே போய்த் திரும்பி வரும்போது கேமரா முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்து, ‘வருக, ரூம் நம்பர் 204’ என்று ஸ்க்ரீனில் காட்ட வேண்டும். சாவியைத் தொலைக்கிற தொல்லையே இருக்காது. அருமையான யோசனை. பதினான்கு ஸ்க்ரீன் அழகாக வரைந்தேன். பாஸ்கர் மாதிரிக்கு ஒன்று செய்து லாட்ஜ் வாசலில் பொருத்தியும்விட்டான்.

காலையில் கடலூர்க் குடும்பம் ஒன்று, பெரியவர் சின்னவர் ஒன்பது பேர், கேமரா முன்னால் சிரித்துவிட்டுத் திருமலைக்குப் போனார்கள். மறுநாள் மத்தியானம் ஒன்பது மொட்டையாகத் திரும்பி வந்தார்கள். தலையெல்லாம் சந்தனம். பெரியவருக்கு மீசையும் போயிருந்தது. கேமரா முதல் ஆளைப் பார்த்தது. ‘உங்களை அடையாளம் தெரியவில்லை’ என்றது. இரண்டாவது ஆளுக்கும் அதையே சொன்னது. மூன்றாவது ஆள் அந்த வீட்டு மாப்பிள்ளை. அவரைப் பார்த்ததும் ‘வருக’ என்று சொல்லி, யாரோ ஒரு பெங்களூர்க்காரரின் ரூம் நம்பரைக் காட்டியது. ‘என்னையே தெரியலன்றானே’ என்று பெரியவர் ஒருபக்கம் கத்த, மாப்பிள்ளை தன்னைத் தெரிந்துவிட்ட பெருமையில் படியேறி அந்த பெங்களூர்க்காரரின் கதவைப் போய்த் தட்ட, லாட்ஜே இரண்டுபட்டது.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஸ்டோரிபோர்டைத் திருத்தினோம். ‘மொட்டை போடும் உத்தேசம் உண்டா?’ என்று ஒரு கேள்வி சேர்த்தேன். உண்டு, இல்லை, மூன்று கத்தரி மட்டும் என்று மூன்று பதில். பெண்களில் பலர் பேருக்கு மூன்று கத்தரி முடி மட்டும் கொடுப்பார்கள், அதையும் விடக்கூடாது அல்லவா? அதற்கும் மேல் ‘நேரில் போய்த்தான் முடிவு பண்ணணும்’ என்று சொல்கிறவர்களுக்காக நான்காவது ஒன்று. இருபத்தாறு பக்கமாக வீங்கிவிட்ட அந்த டாக்குமென்ட்டை எடுத்துக்கொண்டு போனால், பதினைந்து வருஷமாக அந்த ரிசப்ஷனில் இருக்கும் சீனு அண்ணன் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்.

“மேடம், மேல போய்ட்டு வந்தா மண்டையும் மாறிடும், செருப்பும் மாறிடும். நான் ‘ஏமண்டி, தரிசனம் நல்லா ஆச்சா?’னு ஒரு வார்த்த கேப்பேன், குரல வச்சு சாவியக் குடுத்துடுவேன். இதுக்குப் போயி இருவத்தாறு பக்கமா?”

லீவுக்குக் காரணம்

ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனி. வேலை செய்கிற பெண்கள் செல்போனிலேயே லீவு கேட்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். அந்த ஆபீசர் சென்னைக்காரர், ரொம்ப ஒழுங்கானவர். லீவுக்கு ஐந்தே ஐந்து காரணம்தான் இருக்க வேண்டும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்: உடல்நலக் குறைவு, திருமணம், துக்கம், திருவிழா, மற்றவை.

நானும் ஒரு காலத்தில் அந்த மாதிரி கம்பெனி பஸ்ஸில் தொங்கியவள்தானே. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்களோடு காலை பஸ்ஸில் ஏறிக் காகித போனைக் கையில் கொடுத்தேன். ஓடுகிற பஸ்ஸில் அந்த ஐந்து காரணங்களைப் படித்ததும் ஒரே சிரிப்பு. ‘இன்னாது, அஞ்சே அஞ்சா?’ என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எழுத ஆரம்பித்தேன். மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டார். மாமியார் ஊருக்குப் போய்விட்டார். மாடு கன்று போடப்போகிறது. பிள்ளைக்கு ஸ்கூலில் ‘பேரென்ட்ஸ் மீட்டிங்’. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைக்கு ‘பேரென்ட்ஸ் மீட்டிங்’, அவள் லீவு போட முடியாததால் நான் போகிறேன். குழாயில் தண்ணி வருகிற நாள். தலைக்குக் குளித்துவிட்டேன், காயவில்லை. நேற்று லீவு போடவில்லை. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்ன பெண்ணை நான் இரண்டு தடவை கேட்டேன். ‘ஆமா, நேத்தும் போடல, மொந்தாநாளும் போடல, அதான்’ என்றாள். வரதய்யபாளையம் தாண்டி கம்பெனி கேட் வருவதற்குள் முப்பத்தொரு காரணம் சேர்ந்துவிட்டது.

முப்பத்தொன்றையும் டைப் செய்து ஆபீசரிடம் கொடுத்தேன். ஐந்தா முப்பத்தொன்றா என்று ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் தீர்த்துவைத்தவள் ரேவதி, அந்த பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருகிறவள்.

“அக்கா, அதுல ‘மற்றவை’ன்னு ஒண்ணு கீது பாரு, அத்தத் தூக்கி மேல வையி. மீதி எல்லாம் அந்த சாரு மனசு நோவாத இருக்கறதுக்குக் கீழ கெடக்கட்டும்.”

பாஸ்கரிடம் கேட்கவும்

சித்தூர் நாகராஜு காருவுக்கு (காரு என்பது தெலுங்கு மரியாதை) தண்ணி மோட்டார் கடை. அவருடைய வெப்சைட்டில் ‘என் கிணற்றுக்கு எந்த மோட்டார்?’ என்று ஒரு பட்டன். அமுக்கினால் ஆழம் என்ன, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு, கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. சரி, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஸ்க்ரீன் கட்டத்துக்கு நடுவில் எனக்கே ஒரு ஞாபகக் குறிப்பாக ‘பாஸ்கரிடம் கேட்கவும்’ என்று எழுதிவைத்தேன். அன்று சாயந்தரமே காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து வந்து வெப்சைட்டைத் திறந்தால், அழகான பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில், ‘பாஸ்கரிடம் கேட்கவும்’ என்று வருகிறது. கீழே கடையின் போன் நம்பர். எனக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது. ‘ஏண்டா, இதையுமா செய்வ?’ என்று கேட்டால், பாஸ்கர் நிதானமாகச் சொன்னான்: ‘கட்டத்துக்கு வெளிய எழுதினா குறிப்பு, உள்ள எழுதினா ஸ்க்ரீன்ல வரணும்னு நீதான சொன்ன?’ நான்தான் சொன்னேன். டாக்குமென்ட்டில் இரண்டாம் பக்கத்தில் எழுதியே இருக்கிறது. அந்த டாக்குமென்ட்டை உலகத்தில் படித்த ஒரே ஆள் இவன்தான்.

மன்னிப்புக் கேட்க நானும் சுதாகர் சாரும் சித்தூருக்கு ஓடினோம். வழி நெடுக சார் தெலுங்கிலேயே பேசிக்கொண்டு வந்தார். கடைக்குள் நுழைந்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ‘பாஸ்கர் இருக்காரா?’ ‘பாஸ்கர் காரு உன்னாரா?’ எடுக்கிற ஆள், ‘இருங்க, லைன்லயே இருங்க’ என்று பக்கத்து ஆளிடம் கொடுக்கிறார். வெப்சைட் கணக்குப் போட்டுச் சொல்வதைவிட, பெயர் தெரிந்த ஒரு ஆளிடம் கிணற்றைப் பற்றி ஒரு பாட்டம் பேசத்தான் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. ‘இப்பவே அதை எடுத்துடறோம் சார்’ என்று நான் ஆரம்பித்ததும் நாகராஜு காரு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஒத்தும்மா, ஒத்து! எடுக்காத! இந்த நாலு நாளாத்தான் வெப்சைட் பாத்துட்டு ஜனம் கூப்புடுது. போன் பேசற எங்க கடைப் பையன் வெங்கடேசுக்கு முந்தாநாள்லேர்ந்து பாஸ்கர்னு பேர் மாத்தியாச்சு, அவன் வீட்லயும் அப்டித்தான் கூப்புடறாங்க.”

பங்காருபாளையத்தில் கரண்ட் போனது

இதைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும். போன மாம்பழ சீசனுக்கு முன்னால் எங்கள் ஆபீசுக்கு நேரம் சரியில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் பெங்களூர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது ஒருவர் தன் மச்சானே இலவசமாகச் செய்துகொடுப்பதாகச் சொல்லிவிட்டார். சுதாகர் சார் ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பங்காருபாளையம் மாங்காய் மண்டி வேலை கிடைத்தால் ஆபீஸ் நடக்கும், கிடைக்காவிட்டால் பூட்டிவிட்டு அவர் நெல்லூரில் பாவமரிதி கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்றார். பாவமரிதி என்றால் மைத்துனர். முழுவதையும் தமிழிலேயே சொன்னார், கோபமே இல்லாமல். அதிலேயே விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று தெரிந்துவிட்டது. நான் திரும்பிப் போய் செல்போனுக்கு மூடி மாட்ட வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், ‘அப்பவே சொன்னேன்’ என்று நைனா சொல்லாமல் இருந்துவிடுவார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது.

வேலை இதுதான். சீசனில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மண்டிக்கு வெளியே ரோட்டில் நாள்கணக்கில் வரிசை நிற்கும். விவசாயி போனிலேயே தேதியும் நேரமும் பிடித்து டோக்கன் வாங்கிக்கொண்டு நேராக வந்து இறக்கினால், வரிசை இருக்காது. முப்பத்திரண்டு ஸ்க்ரீன் வரைந்திருந்தேன். பாஸ்கர் பாதி செய்தும் வைத்திருந்தான். மண்டி சங்கத் தலைவர் ரெட்டப்பா காரு, வியாபாரிகளையும் விவசாயிகளையும் ஒரு நாற்பது பேரைத் தகரக் கொட்டகையில் கூட்டியிருந்தார். ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, புரொஜெக்டரை வைத்து, சார் ‘அந்தரிக்கி நமஸ்காரம், எல்லாருக்கும் வணக்கம்’ என்று வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இருந்தது. அதன் சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் காணிப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். கொட்டகைக்குள் போனில் சிக்னலும் இல்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ரெட்டப்பா காரு துண்டை உதறினார். ‘சீசன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்றார். சார் முகத்தில் நெல்லூர் தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பையிலிருந்த ஸ்டோரிபோர்டை ஸ்பைரலிலிருந்து கிழித்தேன். பெருக்கிய சிமெண்ட் தரையில் முப்பத்திரண்டு தாளையும் வரிசையாகப் பரப்பி, பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாங்காயை வைத்தேன். ‘இதுதாங்க வெப்சைட்டு. யாராவது ஒருத்தர் வாங்க, நீங்கதான் டிராக்டர்’ என்றேன். முனிரத்தினம் என்று ஒரு விவசாயி, ஒல்லியான மனுஷன், எழுந்து வந்தார். காகிதத்துக்குப் பக்கத்தில் நடக்கிறோமே என்று செருப்பைக் கழற்றி வைத்தார். முதல் தாளில் செல் நம்பர். ‘இப்ப உங்களுக்கு ஒரு ஓ.டி.பி. வரும்’ என்றேன். வராதே! நான் திரும்பிப் பார்த்ததும், மூலையிலிருந்து சுதாகர் சார் ‘நாலு ஏழு ரெண்டு ஒன்பது!’ என்று கத்தினார். கொட்டகை சிரித்தது. ‘இப்ப லோடிங், அதாவது அந்தச் சக்கரம் சுத்தும், கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்லிப் பாஸ்கரைப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிறவன் அல்லவா? கையைத் தலைக்கு மேல் வளைத்து வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டான். நான் ‘போதும்’ என்று சொல்கிறவரை சுற்றினான். அதற்குப் பிறகு ஆள்களைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ‘நானும் டிராக்டர், நானும் டிராக்டர்’ என்று ஐந்தாறு பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர் ஹாரன்கூட அடித்தார். ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் டோக்கன் கேட்டுச் சண்டை போட்டார்கள். பாஸ்கர் சுற்றிச் சுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒன்பதாவது தாளுக்கும் பத்தாவது தாளுக்கும் நடுவில் முனிரத்தினம் நின்றார். ‘டயர் பஞ்சர்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, ‘நேரம் தாண்டிடுச்சுங்க, டோக்கன் ரத்து, திரும்ப மொதல் பக்கத்துக்குப் போங்க’ என்றேன். அவர் போகவில்லை. அங்கேயே தரையில் குந்திவிட்டார். ‘போன வருசம் நாலு நாளு ரோட்ல நின்னேன்மா. அஞ்சாவது நாளு பாதி லோடு தண்ணியா ஒழுகிடுச்சு. ரோட்டோரம் கொட்டிட்டு வெறும் வண்டிய ஓட்டிக்கினு போனேன். வண்டில பழம் வெந்துக்கினு கீது, நீ மொதல்லேர்ந்து வான்ற’ என்றார். கத்தவில்லை. கொட்டகையில் சிரிப்பு நின்றுவிட்டது. ‘நேரம் தவறினால் டோக்கன் ரத்து’ என்பது என் டாக்குமென்ட்டில் ஒரே ஒரு வரி. டீ வருவதற்குள் எழுதி முடித்த வரி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் பக்கத்திலேயே நானும் தரையில் உட்கார்ந்தேன். ‘வழியில் நின்றுவிட்டேன்’ என்று பெரிதாக ஒரு பட்டன் வரைந்தேன். ‘அண்ணா, இத்த அமுக்கினா இன்னா ஆவணும், நீங்களே சொல்லுங்க’ என்றேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. எழுதினேன், அவ்வளவுதான். அடுத்த காலி நேரத்தில் அவரை நுழைக்கலாம் என்றார் ஒருவர். பொய் பஞ்சர் சொன்னால் என்றார் இன்னொருவர். ஒருத்தருக்கு சீசனில் இரண்டு பஞ்சர்தான் என்றார் ஒரு வியாபாரி. ‘டயரு உன்னக் கேட்டா வெடிக்கும்?’ என்று முனிரத்தினம் எழுந்தார். ரெட்டப்பா காரு தெலுங்கில் ஒரு தீர்ப்புச் சொன்னார், முனிரத்தினம் தமிழில் அதை மறுத்தார், இரண்டு மொழியிலும் சேர்ந்து சரி என்றார்கள். முப்பத்திரண்டு ஸ்க்ரீன் முப்பத்தேழு ஆனது. நடுவில் எப்போதோ கரண்ட் வந்து புரொஜெக்டர் எரிந்திருக்கிறது, ஒருவரும் வேட்டிப் பக்கம் திரும்பவில்லை. மாங்காய்ப் பால் ஒட்டிய முப்பத்தேழு தாளிலும் ரெட்டப்பா காரு கையெழுத்துப் போட்டார். சுதாகர் சார் சந்தோஷத்தில் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு பாஸ்கர் கையை, பிறகு மறுபடி என் கையை. கிளம்பும்போது ரெட்டப்பா காரு மட்டும் எங்களை நிறுத்தினார். தூணில் சாய்ந்து இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்த பாஸ்கரைக் காட்டி, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்:

“அந்தா பாகுந்தி, எல்லாம் நல்லா இருக்கு. ஒரு டவுட்டு மட்டும்மா. வெப்சைட்டு வந்தப்புறம் இந்தத் தம்பி டெய்லி வந்து சுத்துமா, இல்ல சுத்தறதுக்கு நாங்களே ஆள் போட்டுக்கணுமா?”

மூன்று வருஷத்தில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன், அதில் ஒரு வாடிக்கையாளரும் ஒரு திருத்தமும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது அட்டைப் பக்கம் ஒன்றைத்தான், அதில்தான் தேதி தப்பு.